வீடு விட்டுப்போன வரைபடம்

மயிலாப்பூர்,
14.6.1997

என் அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமியும் நானும் அல்லாஹ் கிருபையால் சுகம். உங்கள் இருமல் நின்றதா? சவூதியில், தம்மாமில் தைக்கிற துணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள், உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு செய்தி. பள்ளிக்கூட ஹாலில் பெண்களுக்கு வரைபட முகாம் நடக்கிறது. நடத்துகிற சுலோச்சனா டீச்சர் எதையும் கற்றுத் தரவில்லை. கோலப்பொடியைக் கையில் கொடுத்து, "உங்க ஊரை நீங்களே தரையில போடுங்க. மேப்பு போட்டவங்க உங்களைக் கேட்டா போட்டாங்க?" என்றார். குளம், மார்க்கெட், பள்ளிவாசல், கடற்கரை எல்லாம் போட்டேன். பயப்படும் இடத்தில் கரித்தூள் போட வேண்டும். விளக்கில்லாத நம் சந்தின்மேல் எல்லோருமே கரித்தூளைக் கொட்டியிருந்தோம்! நான் மட்டும்தான் கோழை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறுநாளே எல்லோருமாக மாநகராட்சி ஆபீசுக்குப் போய்த் தெருவிளக்குக் கேட்டோம். நானும் பேசினேன் மச்சான்!

ஒரே ஒரு கேலிதான். பூ விற்கிற கோமளம் என் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஊரே கீது, உன் வூட்டக் காணோமே?" என்றாள். சத்தியமாக மறந்தேபோனேன்.

ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறதே, டிக்கெட் போட்டாயிற்றா?

தங்கள்
புஷ்ரா


தம்மாம்,
30.6.1997

அன்புள்ள புஷ்ராவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

இருமல் நின்றுவிட்டது. நீ ஆபீசில் பேசியதை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பெருமையாக இருந்தது. ஆனால் வீட்டை மறந்தேன் என்று எழுதியிருந்தாயே, அது சுருக்கென்றது. அந்த வீட்டுக்காகத்தானே ஊசியும் நூலுமாக இங்கே கிடக்கிறேன்?

வெள்ளிக்கிழமை நானும் ஒரு தாளில் நம் ஊரைப் போட்டுப் பார்த்தேன். வாசல், ஜன்னல், கொடியில் உன் சேலை, கட்டிக்கொண்டிருக்கிற மாடி. அதற்குள் தாள் நிறைந்துவிட்டது, தெருவுக்கு இடமில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

முதலாளி இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார். மாடி அரைகுறையாக நிற்கும்போது வந்து என்ன செய்ய? அது முடியட்டும், வந்துவிடுகிறேன். கோபிக்காதே. உன்னைப் பார்க்காமல் எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது?

உன்
யாசிர்


மயிலாப்பூர்,
15.7.1997

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

உங்கள் படம் வந்தது. மாமி பார்த்து அழுதார்கள். நான் அழவில்லை, தேடினேன். வாசல் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, என் சேலைகூட இருக்கிறது. நாம் இருவரும் எங்கே மச்சான்?

என் படத்தில் ஏன் வீட்டை விட்டுவிட்டேன் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. உங்களோடு போக ஆசைப்பட்ட இடங்களை மட்டும் போட்டிருக்கிறேன். வீட்டில் காத்துக் காத்து அலுத்துவிட்டது. முதலில் சமையலறை என்றீர்கள், பிறகு தளம், இப்போது மாடி. இது முடிந்தால் இன்னொன்று வரும். விமானச் சத்தம் கேட்டால் இன்னும் அண்ணாந்து பார்க்கிறேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு நீங்கள் வேண்டும்.

நேற்று மேஸ்திரி அன்வர் பாஷா மாடிக்குச் செங்கல் கொண்டுவந்தார். வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள் என்றேன்.

"இன்னா தங்கச்சி, யாசிர் கோச்சுக்குவாரே."

"கோச்சுக்கட்டும் அண்ணே. நேர்ல வந்து கோச்சுக்கட்டும்."

மாமியும் சரி என்றுவிட்டார்கள். மாடி வேலை நின்றுவிட்டது. இதற்குப் பிறகும் அங்கேயே இருக்கத் தோன்றினால் இருங்கள். மாடிக்காக என்று மட்டும் எழுதாதீர்கள்.

புஷ்ரா