தெருவிலிருந்து தெரியும் குழாய்

ஜூலை 9, சனி

இன்றைக்கு நடைவழி அலமாரியின் கதவு. போன வாரம் விருந்தினர் அறைக் கதவு. இரண்டும் நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுத்தன. என் கணவர் டெல்பர்ட் இழைப்புளியோடு வந்து, முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த அதே குரலில் கதவைத் திட்டிக்கொண்டே அதன் தலையைச் சீவினார். ஈரத்தில் மரம் ஊதிவிட்டதாம்.

ஈரம். மே மாதத்துக்குப் பிறகு டாலஸ் பக்கத்தில் ஈரமாக இருப்பது இவருடைய பனியன் மட்டும்தான்.

இப்போது கதவு மூடுகிறது. மேலே விழுந்திருக்கும் இடைவெளி வழியாக உள்ளே தொங்கும் கோட்டுகள் தெரிகின்றன. மரத்தில் கோளாறு இல்லை, வீடுதான் கோணுகிறது என்றேன். “வீடு எங்க போகும் நடீன், கான்கிரீட்டு மேல நிக்குது” என்றார்.

கான்கிரீட் எதன் மேல் நிற்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம்.

ஜூலை 14, வியாழன்

குடியிருப்போர் சங்கத் தலைவர் (என் கணவர்) இன்று தெருவை ரோந்து சுற்றினார். குற்றவாளி சிக்கிவிட்டார்: பக்கத்து வீட்டு ஹோரஸ் லிண்ட்லி, வயது எழுபத்தொன்பது. குற்றம்: வீட்டைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் குழாய். உடம்பெல்லாம் பொடித் துளை, வியர்வை மாதிரி கசியும். கரிசல் மண் காய்ந்து சுருங்கி அஸ்திவாரத்தை விட்டு விலகாமல் இருக்க ஹோரஸ் ஒவ்வொரு கோடையிலும் அதைப் போடுகிறார். நகராட்சி இந்தத் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் அதற்குத் தினம் இரண்டு மணி நேரம் அனுமதித்திருக்கிறது. ஆனால் சங்கத்தின் விதி, பிரிவு ஒன்பது: தெருவிலிருந்து பார்த்தால் குழாய் தெரியக் கூடாது. விதியை எழுதியவர் டெல்பர்ட்.

“புல்லுக்குத் தண்ணி ஊத்துறவனைப் பாத்திருக்கேன். செங்கல்லுக்கு ஊத்துறவனை இப்பதான் பாக்கறேன்” என்று சாப்பிடும்போது சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு குழாயை எடுக்கச் சொல்லி ஹோரஸுக்குக் கடிதம் டைப் செய்தேன். சங்கத்துக்குச் செயலாளர் கிடையாது. தலைவருக்கு மனைவி உண்டு.

ஜூலை 16, சனி

ஹோரஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். நாற்பது வருஷம் தபால்காரர். தபாலில் வந்த எதையும் மதிக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

“எழுத்துல கேட்டிருக்கீங்கம்மா. எடுத்துட்டேன். வந்து சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு.”

டெல்பர்ட் அவர் தோளைத் தட்டி, நல்ல அணிக்கு ஒழுங்குதான் முக்கியம் என்றார்.

ஜூலை 19

வெயில் நூற்றைந்து டிகிரி. எங்கள் முன்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் என் இரண்டு விரல் போகிறது.

ஜூலை 23, சனி

டெல்பர்ட் முடி வெட்டப் போயிருந்த நேரத்தில் அதே குழாயை வாங்கி வந்தேன். கடைக்காரன், இந்த வாரம் இதுதான் கடைசி என்றான். பின்பக்கச் சுவர் நெடுகப் போட்டு, மரப்பட்டைத் தூளால் மூடினேன். தெருவிலிருந்து தெரியாது. விதிக்கு உட்பட்டதுதான்.

விதிக்கு உட்பட்டது என்றால் ஏன் மூடினேன்?

முன்பக்கம் போட முடியாது. அங்கே தலைவர் தினமும் நின்று தெருவைப் பார்க்கிறார்.

ஹோரஸிடம் சொல்லியிருக்கலாம் – மூடிப் போடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. சொன்னால் அவர் செய்ய மாட்டார். அது எனக்குத் தெரியும் என்பதால் சொல்லவில்லை. வசதியான காரணம்.

ஆகஸ்ட் 3, புதன்

அஸ்திவாரம் சரிசெய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவன் தானாகவே வந்து கதவைத் தட்டினான். இஸ்திரி போட்ட சட்டை, பல்லெல்லாம் தெரியும் முகம். சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துச் சமையலறைத் தரையில் வைத்தான். அது யோசிக்கக்கூட இல்லை. உருண்டு கூடத்தைத் தாண்டி நேராக வாசற்கதவில் போய் முட்டியது.

டெல்பர்ட் கோலியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கோலியே சரியான உருண்டை இல்லையாம். அவனை வெளியே அனுப்பிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறு ஒன்று உறைத்தது. பின்பக்கம் உயரமாக நிற்கிறது, முன்பக்கம் இறங்குகிறது. பின்பக்கத்துக்குத் தண்ணீர் காட்டுவது யார்?

ஆகஸ்ட் 11, வியாழன்

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில். ஏழு வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். தலைவர் கூட்டத்தைத் தொடங்குவதற்கு முன், நிகழ்ச்சி நிரலோடு வாசலுக்கு அடுத்த கழிப்பறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். கதவு சாத்திக்கொண்டது. இழைப்புளி படாமல் தப்பியிருந்த கடைசிக் கதவு அதுதான்.

முதலில் பிடியை ஆட்டும் சத்தம். பிறகு தோளால் இடிக்கும் சத்தம். பிறகு, “நடீன்” – மிக மரியாதையாக.

இழுத்தோம், தள்ளினோம், அசையவில்லை. உள்ளே இருந்த ஜன்னலில் ஒரு பூனை நுழையலாம். டெல்பர்ட்டில் மூன்றில் ஒரு பங்குகூட நுழையாது.

எதிர்வீட்டு யோலாண்டா டிரெவினோ மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். உள்ளே உடைந்திருப்பதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. எலுமிச்சைச் சாற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பிரிவு ஒன்பதை நீக்கலாம் என்று முன்மொழிந்தாள்.

“ஆட்சேபிக்கிறேன்” என்றது கழிப்பறை.

தலைவர் இல்லாமல் வாக்கெடுப்பு முறையாகாது என்று ஒருவர் எழுந்தார். யார் என்று நினைக்கிறீர்கள்? ஹோரஸ். குழாயை எடுக்கவைத்த விதியைக் காப்பாற்ற அந்தக் கூட்டத்தில் எழுந்த ஒரே ஆள் அவர்தான்.

“தலைவர் கூட்டத்துலதான் இருக்கார் ஹோரஸ், சத்தம் கேக்குதே” என்றாள் யோலாண்டா. ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாவது என்னுடையது. ஹோரஸ் கையைத் தூக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கடப்பாரை கொண்டுவந்து, நிலைச்சட்டத்தைப் பெயர்த்து, டெல்பர்ட்டை வெளியே எடுத்தார்.

டெல்பர்ட் நன்றி சொன்னார் என்று எழுத ஆசை. நிலைக்கு வண்ணம் போனதைத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 12

வாய்விட்டுச் சிரிக்க வெளியே போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால், நிலை இருந்த இடத்தில் சுவர் கூரைவரை பிளந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, சனி

இனி சிரிக்க ஒன்றுமில்லை.

காலையில் ஹோரஸ் கூப்பிட்டார். தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, சமையலறையிலிருந்து படுக்கையறை வரை தளம் வெடித்திருக்கிறது. வெளிச்சுவரில் செங்கற்கள் படிக்கட்டு மாதிரி விரிந்து, வீட்டுக்குள் நின்றால் தெரு தெரிகிறது. அந்த விரிசலில் என் கை முழுதாகப் போனது. வைத்திருந்து எடுத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

கட்டியவன் மோசடிக்காரன் என்று ஆரம்பித்தார் டெல்பர்ட். கம்பி போதாது, கலவை போதாது. ஹோரஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முப்பத்தாறு கோடை தாங்குச்சு கோச். இந்த வருஷம் ஒரு மாசம் தண்ணி காட்டல. அவ்வளவுதான் நடந்தது.”

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் டெல்பர்ட் பதில் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரிந்த விளையாட்டு அது.

ஆகஸ்ட் 27, சனி

எங்கள் வீட்டுக்கு ஒரு பொறியாளரை வரவழைத்தேன். விற்க எதுவும் கொண்டுவராதவர். தரைமட்டம் அளந்தார், நான்கு பக்கமும் மண்ணில் கம்பி குத்திப் பார்த்தார். பின்னால் மண் ஈரம், முன்னால் கல். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் விட்டால் வீடு முறுக்கிக்கொள்ளும், விடுவதென்றால் சுற்றிலும் சமமாக விட வேண்டும் என்றார். பின்னால் விடுவது யார் என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

டெல்பர்ட் அவரை வாசல்வரை கொண்டுவிட்டார். பிறகு பின்பக்கம் போய் மரப்பட்டையைக் காலால் தள்ளினார். குழாயைப் பார்த்தார்.

“அந்தாளுக்குக் கடுதாசி டைப் பண்ணது நீ. இதைப் புதைச்சதும் நீ.”

“ஆமா. கையெழுத்து போட்டது நீங்க.”

வெயிலில் நின்றோம்.

அந்த மனுஷன் கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. வேலி தாண்டிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவரைக் கேலி பண்ணியே இந்த டைரி நிரம்புது. நான் என்ன பண்ணேன்? என் வீட்டை மட்டும், அதுலயும் பாதியை மட்டும், ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தப் பாத்தேன் –

போதும்.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஹோரஸ் ஓக்லஹோமாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு அடியில் தூண் இறக்க வேண்டும், ஆட்கள் கிடைக்க மாதங்கள் ஆகுமாம். டெக்ஸஸ் முழுக்க வீடுகள் வரிசையில் நிற்கின்றன. எல்லோரிடமும் கைகொடுத்து விடைபெற்றார், டெல்பர்ட்டிடமும். சாவியை யோலாண்டாவிடம் கொடுத்தார். முப்பத்தாறு வருஷம் பக்கத்து வீடு நாங்கள்.

செப்டம்பர் 12

டெல்பர்ட் தலைவர் பதவியை விட்டு விலகினார், “பலரின் வேண்டுகோளுக்கு மாறாக.” அந்தப் பலரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை இம்முறை அவரே டைப் செய்தார், இரண்டு விரலால், ஒரு மணி நேரம்.

செப்டம்பர் 18, ஞாயிறு

காலையில் தேவாலயத்துக்குக் கிளம்பும்போது டெல்பர்ட்டைக் காணோம். ஹோரஸ் வீட்டு முன்னால், தெரு பார்க்க, கறுப்புக் குழாயைச் சுவரோரமாக விரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், முட்டி போட்டு.

யோலாண்டாவிடம் கேட்டேன். வெளிக்குழாயைத் திறக்கலாமா என்று முந்தின நாள் வந்து கேட்டாராம். ஏன் என்று இவள் கேட்டதற்கு, “சும்மா இருக்க முடியல” என்றாராம். அதற்கு மேல் அவளும் எக்ஸ்ரே எடுக்கவில்லை.

எங்கள் வீட்டைச் சுற்றி, நான்கு பக்கமும், போன வாரமே போட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. மூடவும் இல்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

மழை. இரவு தொடங்கி மதியம் வரை. தெருவில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். முட்டாள்கள் மாதிரி, சந்தோஷமாக.

அக்டோபர் 15, சனி

ஹோரஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். யோலாண்டா அவர் வீட்டுக் குழாயைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். என் நலம் கேட்டார். மகள் சமையலில் உப்பே இல்லை என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்; பாதியில், மழையைப் பற்றிக் கேட்டு நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார்:

“கோச்கிட்ட ஒண்ணு சொல்லும்மா. குழாயைச் சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்கார். தண்ணி நேரா இடுக்குல இறங்கிடும். ஒண்ணரை அடி தள்ளிப் போடச் சொல்லு.”

எப்போது திரும்பி வருவார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

டெல்பர்ட் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். கசிவுக் குழாய்களின் இயல்பு பற்றி ஒரு பிரசங்கம் வரும் என்று காத்திருந்தேன். அவர் தொலைக்காட்சியை அணைத்தார். கடைசிக் கால்பகுதி, ஆட்டம் சமநிலையில் இருந்தது.

“எந்தப் பக்கச் சுவருன்னு சொன்னாரா?”

“நாலு பக்கமும்.”

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனார்.