வேர் கறுத்த கீரை

என்னங்க,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? அத்தை மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்.

இங்கே பண்ணையில் ஒரு கூத்து. மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கிறோம் அல்லவா, அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத துத்தநாக நானோ துகள்களைக் கலந்து பார்த்தோம். செடிகள் மளமளவென்று வளர்ந்தன. தினமும் உயரத்தை அளந்தவள் நான்தான். இந்தச் சோதனை முடிந்ததும் வீட்டுக்கு வரலாம் என்றிருந்தேன். நேற்று ஒரு செடியைத் தூக்கினால் வேரெல்லாம் கறுத்துக் குழைந்திருந்தது. துகள்கள் கட்டிதட்டி வேரிலேயே படிந்துவிட்டன. மேலே இலை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டோம். நான் கண்ணைத் துடைத்ததைக் குழாய் பழுதுபார்க்கிறவர் பார்த்துவிட்டார். "என்னக்கா, கீரைக்குப் போயா அழுவீங்க? பெத்த புள்ளையா அது?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். என் விடுமுறை ரத்து. இந்த வருஷமும் வர முடியாது. இனி எதையும் நம்பி நாள் எண்ண எனக்குத் தெம்பில்லை. பாப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். போனில் என்னிடம் பேசாமல் ஓடுகிறாள் என்று அவளைத் திட்டாதீர்கள்.

ஒரு சின்ன வேலை. அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை ஒரு நூலை அளந்து வெட்டி, உறையில் வைத்து அனுப்புங்கள். அம்மா சட்டை தைக்கக் கேட்டாள் என்று சொல்லுங்கள். இங்கே என்னிடம் தையல் மெஷின் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்களவள்