வேறு வீட்டுத் தலையணை

அன்புள்ள மகளுக்கு,

தம்பியை உன்னோடு வைத்துக்கொள்ள முடியாது என்று நீ சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் டவுன் சிண்ட்ரோம் பெற்றோர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவர்கள் இல்லாத காலத்துக்குப் பழகட்டும் என்று, பிள்ளைகளை மற்ற உறுப்பினர்கள் வீட்டில் தங்கவைப்போம். நேற்று அவன் முதல்முறையாகச் சங்கத்துத் தையல்காரம்மா வீட்டில் தங்கினான்.

"அழுதானா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அட போங்கண்ணா! தலகாணிக்கு எம் பையனோட மல்லுக்கட்டிட்டு, குறட்டை விட்டுத் தூங்கிட்டான்."

வீட்டுக்கு வந்ததும் என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"ஏம்ப்பா போடல? அடுத்த வாரமும் போறேன். நீ தனியா இருந்துக்குவியா?"

"இருந்துக்குவேண்டா" என்றேன்.

என் உடம்பைப் பற்றி டாக்டர் சொன்னதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வரும்போது, அவன் எதிரில் அழுதுவிடாதே.

அப்பா