நாலாம் ராத்திரிக்குக் கறி

பாறசாலை,
ஜூன் 1978

அன்பு மகன் பொன்னுதாசுக்கு அம்மை எழுதுவது. அப்பாவும் தங்கச்சி பிரேமகுமாரியும் நானும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், அதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீயும் அங்கே நன்றாயிருப்பதாகத்தான் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறாய், நானும் அதை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். இந்தத் தடவை மட்டும் உன் சுகத்தை, கல்ஃபில் உன் அறையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் ராபின்சன் வாயிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவன் நேரே நம் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு முன்னால் அத்தர் மணம் வந்தது. நீ கொடுத்தனுப்பியது என்று இரண்டு சோப்பு தந்தான், அது அவன் வாங்கியது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. கட்டன் சாயா குடித்துக்கொண்டே சிரித்துச் சொன்னான், மாமி, ஒரு சட்டி மீன்கறிய நாலு ராத்திரிக்கு நீட்டுக வித்தை அம்மைக்குத் தெரியும், கேட்டுட்டு வான்னு பொன்னுதாஸ் சொல்லிவிட்டான். கம்பெனியில சாப்பாடு உண்டுன்னுதானே மக்கா அவன் எழுதுகான் என்று கேட்டேன். அவன் சாயாவைப் பார்த்தான். அப்புறம் எல்லாம் வந்தது. உன் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது, பாஸ்போர்ட் முதலாளி கையில், அறையில் உள்ள மற்ற ஐந்து பேரும் வேலைக்குப் போகிறார்கள், நீ அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, அதில் தின்று, அந்த அறைத் தரையில் படுக்கிறாய். வாங்கிப் போடும் மீன் நாலு நாள் வரவேண்டும் என்பது அவர்கள் கணக்காம், உன் கையில் இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறதாம். அவன் கை தாராளமாக்கும் மாமி, கேட்டவனுக்கெல்லாம் கோரிக் குடுக்கான், வேற ஒருத்தனக் கூட்டிட்டு வருவோம்னு ரெண்டுபேரு சொல்லுகானுவ, நான் இருந்தவரைக்கும் பேசி அடக்கினேன் என்றான். நல்ல பையன்தான், பொய் சொல்லத் தெரியாது. அதாவது சட்டி நாலு ராத்திரிக்கு வராவிட்டால் உனக்குப் படுக்க இடமில்லை. இதை நீ எனக்கு எழுதவில்லை.

மேலவீட்டு அடுப்படியில் நான் எத்தனை வருஷம் நின்றேன் என்று உனக்குத் தெரியும். அந்த வீட்டு எஜமானி பங்கஜாட்சியம்மை மீன் துண்டத்தை எண்ணித்தான் தருவாள், எண்ணித்தான் திருப்பி வாங்குவாள், ஒன்று குறைந்தால் சுகிர்தபாயிக்குக் கை நீளமாக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். குடியிருப்புச் சட்டப்படி அவர்கள் விளையில் பத்து சென்ட் நம் பேரில் பதிந்து வந்த மறுநாள் என்னை வாசலிலேயே நிறுத்தினாள், நீயும் இப்ப நெலம் உள்ள ஜன்மியாக்குமே, இனி ஒனக்க வெளையில உள்ளத அவிச்சுத் தின்னு என்றாள். அதோடு விழுந்த பலாச்சக்கையும் போயிற்று, முருங்கை இலையும் போயிற்று, கிணற்றைச் சுற்றி வேலியும் வந்தது. அப்பாவை வேலைக்குக் கூப்பிட இந்த ஊரில் ஒருவரும் இல்லை. கொடி பிடித்து வந்தவர்கள் நம் முற்றத்தில் நின்று ஜே போட்டார்கள், இந்தப் பத்து சென்ட் பாறையில் மரச்சீனிக் கிழங்கு எப்படி விளையும் என்று நான் கேட்டபோது அடுத்த முற்றத்துக்குப் போய்விட்டார்கள். அதனால்தானே நீ போனாய். கடல் தாண்டிப் போய் நீ சேர்ந்த இடமும் மேலவீட்டு அடுப்படிதான் என்று ராபின்சன் போன பிறகு நினைத்தேன், எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் பூனையை அடித்தேன்.

வந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. காட்டாக்கடையிலிருந்து பிரேமாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், அண்ணன் கல்ஃபில் இருக்கிறான் என்பதற்காகத்தான் வருகிறார்கள், வேறு எதைப் பார்த்து வரப்போகிறார்கள். அப்பா சாயாக்கடையில் எக்க மவன் அங்க ஃபோர்மேனாக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், அவரிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மீன்காரி சாராம்மாகூட இப்போது விலை குறைப்பதில்லை, கல்ஃப்காரனுக்க அம்மையில்லியா, நீங்க பேரம் பேசலாமா என்று கேட்டுவிட்டு, நல்ல மீனை ஓடு போட்ட வீடுகளில் விற்றுத் தீர்த்து, கூடையின் அடியில் கிடப்பதை எனக்குத் தருகிறாள். அதற்கும் சிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, நீ கேட்டதை எழுதுகிறேன். சாளை மீன் அங்கே மலிவு என்றான் ராபின்சன், அதையே வாங்கு. தேங்காய் அரைத்து விடாதே, தேங்காய் சேர்ந்த கறி மறுநாளே வளித்துக் கெட்டுவிடும். மிளகாய், மல்லி, மஞ்சள் மூன்று பொடியையும் எண்ணெயில் கருகாமல் மூப்பித்து, புளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்து விட்டு, உப்பையும் கூட்டிப் போட்டு, நன்றாகக் கொதித்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். கரண்டி போட்டுக் கிண்டாதே, பாத்திரத்தைப் பிடித்துச் சுற்று. முதல் ராத்திரி ஆளுக்கு ஒரு மீன், சாறு குறைவாக. தூங்கப் போகும்முன் ஒரு தடவையும் விடிந்ததும் ஒரு தடவையும் கொதிக்க வை, நனைந்த கரண்டி உள்ளே போகக்கூடாது. இரண்டாம் ராத்திரி கிழங்கு. இங்கே மரச்சீனியை அவித்து உடைத்துப் போடுவேன், நீ உருளைக்கிழங்கு போடு, மீன் மணம் கிழங்கில் ஏறிவிட்டால் மீன் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாம் ராத்திரி சாறு வற்றிச் சட்டியில் பிடித்திருக்கும், அதில் சோற்றையே கொட்டிப் பிசைந்துவிடு, அந்த குபூஸ் ரொட்டியானால் பிய்த்துப் போட்டு வழி. நீயும் பிரேமாவும் அந்தச் சட்டிக்குத்தான் அடிபிடி போடுவீர்கள், அவள் எலே எனக்கும் வையி என்று உன் கையைக் கடித்த தழும்பு இருக்கிறதா. ஒன்று சொல்ல விட்டேன், புளிக்கறியை அலுமினியத்தில் வைத்திருந்தால் கசக்கும். நம் மண்சட்டியைக் கொண்டு போ என்று ராபின்சனிடம் கொடுத்தேன், ஏரோப்பிளேன்ல கேறும்போ சட்டியா இருக்கும் மாமி, எறங்கும்போ ஓடாக்கும் என்று திருப்பித் தந்துவிட்டான். இடித்த பொடியும் புளியும் மட்டும் கொண்டு வருவான்.

நாலாம் ராத்திரியை நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. வீட்டில் நாலு ராத்திரி வந்ததே என்று நீ கேட்பாய். வந்தது. முதல் மூன்று ராத்திரியும் நான் என் பங்கைத் தின்னாமல் வேறு சட்டியில் எடுத்து வைப்பேன், நாலாம் ராத்திரி நீங்கள் மூன்று பேரும் அதைத்தான் தின்றீர்கள். மேலவீட்டில் கஞ்சி குடித்துவிட்டேன் என்று சொல்லுவேன், அங்கே கஞ்சி தந்த நாளும் உண்டு, தராத நாளும் உண்டு. அதில் சமையல் ஒன்றும் கிடையாது மக்கா, வித்தையும் கிடையாது. அந்த அறையில் ஆறு பேர் இருக்கிறீர்கள். ஒருவன் தின்னாமல் இருந்தால் அந்தச் சட்டியும் கொஞ்சம் நீளும், கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் அந்த ஒருவன். நான் சொல்லித் தராமலே நீ அதைத் தொடங்கியிருப்பாயோ என்றுதான் எனக்குப் பயம். மெலிந்திருக்கிறானா என்று ராபின்சனிடம் கேட்டதற்கு, பாத்தாத் தெரியாது மாமி என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

அம்மைக்கு மூன்று ராத்திரிக்குத்தான் வைக்கத் தெரியும் என்று அவர்களிடம் சொல். சொன்னதற்கு வெளியே போ என்று சொன்னால் எங்கே போவாய், அதற்கு நான் இங்கிருந்து என்ன செய்வேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எழுதிவிட்டு எழுதிவிட்டு அந்த இடத்திலேயே நிற்கிறேன். கர்த்தர் உன்னைத் தன் நிழலில் வைத்துக்கொள்ளட்டும், உன் கைகால் பலப்படட்டும், அந்த முதலாளியின் மனசை அவர் திறக்கட்டும். சட்டியை இறக்கியதும் முதல் மீனை உன் தட்டில் வை. பிறகு மற்றவர்களுக்குக் கோரு. நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை, நீ செய்.

இப்படிக்கு
உன் அம்மை
ரா. சுகிர்தபாய்