என் கையெழுத்தும் ஓக்கிரோரின் சீட்டும்

அன்பு மகள் அசியோவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏழு மாடுகளும் சுகம், துபாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்து கோணலாக ஓடுகிறது, பொறுத்துக்கொள். நாலு நாளாக எழுதுகிறேன், விரல் வலித்தால் எழுந்துபோய் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்லக் கோயில் உபதேசியார் எழுதியது, இது நான் எழுதியது.

உன் சித்தப்பா மகன் ஓக்கிரோர் பதினாறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, கம்பாலா பார்லிமென்டுக்குப் போகக் கோட்டு தைத்தது உனக்குத் தெரியும். ஆனால் எங்கள் மாமரத்தடி ஓட்டுச்சாவடியின் முடிவுத்தாளைச் சேர்க்காமலே கூட்டிவிட்டார்களாம். அவனிடம் தோற்ற வேட்பாளர் அமோங்கின் கோர்ட்டுக்குப் போனாள். அந்தச் சாவடியில் ஓக்கிரோரின் ஏஜெண்ட் நான்தான். அவனுக்கு ஓட்டு குறைவு என்று தெரிந்தும், எண்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். முதியோர் வகுப்புக்குப் போனபின் நான் போட்ட முதல் கையெழுத்து அது. அவன் வக்கீலோ அந்தத் தாளே பொய், இந்தக் கிழவர் வெறும் கைநாட்டு என்றார். நான் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் ஓக்கிரோர் வந்து, பெரியப்பா, எனக்கு எழுதத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சீட்டு நம்மகிட்டயே இருக்கும், போன வருஷம் வரைக்கும் அது உண்மைதானே என்றான். உன் அம்மா அடுப்படியிலிருந்தே, வீட்டுச் சுவரெல்லாம் கரியால பேர் எழுதி வச்சிருக்காரே, அதையும் கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போகவா என்றாள்.

கோர்ட்டில் நீதிபதி அம்மாள் பேனா கொடுத்து என் பேரை எழுதச் சொன்னார். பின்னால் எவனோ, பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடுவாரா என்றான். அவசரமில்லை ஐயா என்று என்னிடம் சொன்னார் நீதிபதி. எழுதி முடித்ததும் முடிவுத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கோணல். உடனே பெட்டியைத் திறந்து எல்லார் முன்னாலும் மறுபடி எண்ண உத்தரவிட்டார். அமோங்கினுக்கு இருநூற்று முப்பத்தொன்று, ஓக்கிரோருக்கு நூற்று எண்பத்துநான்கு, செல்லாதது மூன்று. தாளில் நான் வாசித்த அதே எண்கள்! சிரிப்பை அடக்க முடியவில்லை அசியோ. அதையும் சேர்த்துக் கூட்டியதில் எங்கள் ஆள் சீட்டை இழந்தான், நானோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அப்புறம் ஒன்பது நாள் அஜோன் கள்ளுப் பானையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யாரும் எனக்குக் குடிக்கக் குழல் நீட்டவில்லை. உனக்குத்தான் எழுதத் தெரியுமே, பேனாவாலயே உறிஞ்சிக் குடி என்றார்கள். நேற்று ஓக்கிரோரே வந்து தன் குழலைத் துடைத்து என் கையில் கொடுத்தான். அடுத்த தேர்தலுக்கும் நீங்கதான் என் ஏஜெண்ட் பெரியப்பா, நான் நிஜமாவே ஜெயிச்சா அதையும் நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஊர் நம்பும் என்றான். வயிறு நிறையக் குடித்தேன்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், வேளைக்குச் சாப்பிடு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, வாசிக்கச் சொல்லி உபதேசியாரிடம் கொடுக்கப் போவதில்லை. சிவப்புப் பசு கன்று போட்ட கதையை அடுத்த வாரம் அனுப்புகிறேன், அதற்கு இன்றைக்கே உட்கார வேண்டும்.

உன் அப்பா
யோகோனியா எமூரோன்
(கைநாட்டு இல்லை, பார்த்துக்கொள்)