கோதுக்குப் பொருத்தம் பார்த்த அறை

அன்பின் நிஸா,

நேற்று மாலை நான் பூட்டிவிட்டுப் போன அறைக்குள், நுணுக்குக்காட்டியின் இரண்டு மேடைகளையும் திருப்பி வைத்தது யார்? உனக்கு எழுதினால் பதில் வரும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் வேறு யாரிடம் கேட்பது?

துறைமுகத்தைப் பார்த்த அதே பழைய கட்டடத்தில்தான் பயிற்சி நடக்கிறது. துவக்குகளையும் சுடப்பட்ட ரவைகளையும் அடையாளம் காணப் பொலிஸிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் இருவரும் கற்றுக்கொடுத்தோம். நீ இறந்த பிறகு நான் மட்டும். உன் கதிரையில் யாரும் இருப்பதில்லை. நான் ஒருபோதும் தடுத்ததில்லை, அவர்களாகவே சுற்றிப் போகிறார்கள். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மின்சாரம் அடிக்கடி போகிறது. மான்கள் வாசலில் வந்து நின்று, நாங்கள்தான் இடைஞ்சல் என்பதுபோலப் பார்க்கின்றன.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. துவக்கு வெடிக்கும்போது அதன் ஊசி ரவையின் அடியில் குத்தும். வெளியே விழுகிற வெற்றுக் கோதில் அந்தக் குழியும், அதைச் சுற்றி நுண்ணிய கீறல்களும் இருக்கும். சம்பவ இடத்தில் எடுத்த கோதை ஒரு மேடையிலும், பிடிபட்ட துவக்கால் நாங்களே சுட்டெடுத்த கோதை மற்ற மேடையிலும் களிமண்ணில் பதித்து வைப்போம். கண்ணை வைத்தால் இரண்டும் அருகருகே தெரியும், நடுவில் மயிரளவு கோடு. ஒரு பக்கத்துக் கீறல் அந்தக் கோட்டைத் தாண்டி மற்றப் பக்கமும் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

நீ போட்ட சட்டம் இரண்டு. பார்த்து முடித்தவர் இரண்டு மேடைகளையும் கையால் திருப்பிக் கலைத்துவிட்டுத்தான் எழும்பவேண்டும். அடுத்தவர் தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும். மற்றது, அந்த அறைக்குள் 'பொருத்தம்' என்ற சொல் கூடாது.

"பொருத்தம் பார்க்கிறது ஒங்கட ஆக்கள்ட வேல, ராத்தா," என்பாய். "கலியாணம் முடிக்கோணும் எண்டு நெனச்சா எல்லாப் பொருத்தமும் வந்துரும். வேணாமெண்டா ஒண்டும் வராது."

உன்னைவிடச் சில மாதம் மூத்த அக்கா என்பதற்காகக் கேலிக்குத்தான் ராத்தா என்று தொடங்கினாய். எப்போது அது கேலி இல்லாமல் போனது என்று எனக்கு நினைவில்லை. என் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா அலைந்த அலைச்சலை நீ அறிவாய். அதனால் நான் சிரிக்கவில்லை. சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

நேற்று மேடையில் இருந்தது பயிற்சிக் கோது அல்ல. திரியாயில் ஒருவரைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். சாம்பல்தீவில் ஒரு மீன்பிடிகாரர் வீட்டில் துவக்கு பிடிபட்டது. அவரைப் பிடித்து விளக்கமறியல் சிறையில் வைத்திருக்கிறார்கள். எங்கள் அறிக்கைக்காக வழக்கு காத்திருக்கிறது. அதற்கு மேல் எதுவும் அறியக்கூடாது என்று விலகித்தான் இருந்தேன். ஆனால் அவருடைய மனைவி வாசலில் வந்து நிற்கிறார். நிழலில் நிற்கும்படி காவலாளி சொன்னாலும் நகர்வதில்லை.

அறிக்கைக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். முதலில் நான். இரண்டாவது எப்போதும் நீ. இம்முறை ரமீஸ், மூதூர் பொலிஸ் சார்ஜன், உன் கடைசி வகுப்பில் எல்லாவற்றுக்கும் பகிடி விட்டுக்கொண்டிருந்தவர். பயிற்சியை விட்டு அவர் பார்க்கப்போகும் முதல் உண்மையான சோடி இது.

நேற்று மாலை நான் பார்த்தேன். ஊசிக் குழிகள் ஒரே மாதிரி. அதைச் சுற்றிய தடித்த கீறல்கள் கோட்டைத் தாண்டி ஓடின. ஒரே துவக்குத்தான் என்று மனம் சாய்ந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மேடைகளைத் திருப்பிக் கலைத்தேன், கதவைப் பூட்டினேன். சாவி ஒன்றுதான், அது என் கைப்பையில் இருந்தது.

இன்று காலை திறந்தபோது குளிரூட்டி நின்றிருந்தது. இரவு மின்சாரம் போயிருக்கிறது. அறை அடுப்படிபோல வெந்தது. விளக்கைப் போட்டு, சும்மா ஒருமுறை கண்ணை வைத்தேன்.

இரண்டு கோதுகளும் அச்சொட்டாக அருகருகே நின்றன. நான் பார்த்த இடத்தில் அல்ல. நான் பார்க்காமல் விட்ட ஓரத்தில். அங்கே மெல்லிய கீறல்கள் கோடு வரை வந்து நின்றன. ஒன்றுகூடத் தாண்டவில்லை. மறுபக்கத்துக் கீறல்கள் வேறு சரிவில் போயின.

வெப்பத்தில் களிமண் இளகியிருக்கும். துறைமுகத்தில் பெரிய கப்பல் நகர்ந்தால் எங்கள் யன்னல் கண்ணாடிகூட நடுங்கும். ஒரு மேடை அசைந்திருக்கலாம். இரண்டும் அசைந்து, சரியாக ஒரே ஓரத்தில் வந்து நிற்குமா? அதுவும் நடக்கமுடியாதது அல்ல. இதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் களிமண்ணைப் பார்த்தேன். அதில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. நடுவில் சரிவாக ஒரு வெட்டு. கண்ணாடிக் குழாய் உடைந்து உன் வலது பெருவிரலில் ஏற்பட்ட காயம் அப்படித்தான் ஆறியது.

களிமண் உன்னுடையது. உன் மேசை லாச்சியில் கிடந்த உருண்டையைத்தான் எடுத்தேன். பழைய தடம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் வைப்பதற்கு முன் அதைப் பிசைந்து உருட்டினேன். பிசைந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நேரம் ரமீஸ் வந்தார். கையில் மடித்த கடதாசி.

"மிஸ், என்ட முடிவு ரெடி. நானும் பொருத்தம் எண்டுதான் எழுதிரிக்கன்."

"நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லையே, ரமீஸ்."

"நீங்கதானே நேத்துச் சொன்னீங்க. பொருத்தம்தான், இனி யோசிக்க ஒண்டுமில்ல எண்டு. ஒங்களுக்குப் பொறகு நான் என்னத்தப் புதுசாப் பார்க்க?"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நேற்றுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது உப்புவெளியிலிருந்து தங்கச்சி தன் மகளின் கலியாணப் பேச்சாகப் போன் எடுத்தாள்; ரமீஸ் பின்னால் நின்றிருக்கவேண்டும்.

"அது என்ர பெறாமகளின்ர சாதகம்," என்றேன்.

அவர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கோதுக்குச் செவ்வாய் இல்லயா மிஸ்?" என்று சிரித்தவர், பாதியில் நிறுத்தினார். வாசல் பக்கம் திரும்பினார். "அல்லாவே. அந்த மனுசன்ட கழுத்துக்கெல்லோ நான் கையெழுத்து வைக்க இருந்தன்." கடதாசியைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேடையைத் தொட்டனீங்களா?"

"வல்லாஹி இல்ல மிஸ். சாவி ஒங்கள்ட்டதானே?"

அவர் ஒரு சொல்லைக் கேட்டு எழுதினார். நான் மட்டும் என்ன? சில கீறல்கள் ஓடிவந்ததும் போதுமென்று எழும்பியவள்தானே?

நாளைக்கு இந்தச் சோடியை வேறு பல சோடிகளோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் அவருக்கு நான் வைப்பேன். எனக்கு அவர் வைப்பார். கோதுகளை எடுத்து இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, மேடைகளைக் கலைத்துவிட்டேன். களிமண்ணை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால் மூடினேன்.

மேல்மாடியில் கைவிரல் அடையாளப் பகுதி இருக்கிறது. எங்கள் எல்லோருடைய பதிவும் அங்கே உண்டு, உன்னுடையதும். ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் உடனேயே சொல்லிவிடுவார்கள். மாடிப்படி வரை போனேன். உன்னுடையது என்றால் நான் இனி எதை நம்புவது? பழைய தடமா புதியதா என்று அவர்களாலும் சொல்ல ஏலாது. உன்னுடையதே அல்ல என்றால்? திரும்பி வந்துவிட்டேன்.

நிஸா, ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்தக் கோதையும் கடைசி ஓரம் வரை பார்க்காமல் இனி எழும்பமாட்டேன். பெறாமகளின் கலியாணக் கதையை வீதிக்குப் போய்த்தான் கதைப்பேன்.

மேலே உள்ளதை எழுதியது நேற்று. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் கதவைத் திறந்தேன். இரவு மின்சாரம் போகவில்லை. மேடைகள் நான் கலைத்துவிட்டபடியே நின்றன. ஏமாற்றமாக இருந்தது, உனக்கு ஒளிப்பதில் என்ன?

கோதுகளை எடுத்துவர நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் ரமீஸ் கிண்ணத்தைத் தூக்கிவிட்டு, களிமண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். "பிசையாம வைக்கக்கூடா எண்டு நிஸா மிஸ் ஏசுவாங்க," என்றார். நான் வெறும் கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

மத்தியானம் வரை பார்த்தோம். திரியாய்ச் சோடிக்கு அவர் எழுதியது: முடிவு சொல்ல இயலாது. நான் எழுதியதும் அதுதான். தடித்த கீறல்கள் கோட்டைத் தாண்டி ஓடின, ஓரத்து மெல்லியவை ஓடவில்லை. அந்தத் துவக்கு என்றும் சொல்லமுடியாது, அது இல்லை என்றும் சொல்லமுடியாது. அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. வாசலில் நின்ற பெண்ணுக்கு நாங்கள் எதுவும் சொல்லக்கூடாது, சொல்லவில்லை.

கடைசியாக ரமீஸ் எழும்பினார். உன் கதிரையில்தான் இருந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். போகுமுன், நான் கேட்காமலே, இரண்டு மேடைகளையும் திருப்பிக் கலைத்துவிட்டார்.

உன் ராத்தா,
வாணி