விசாரணைக்காகக் கட்டிய சுவர்

டிக்கோயா
11.8.1957

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் மாரியம்மா புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்று வைத்துக்கொள். அங்கே துறையூரில் நீயும் மாப்பிள்ளையும் அத்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே ஆனி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை, அம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய் வருகிறாள், இருமல் இருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நாம் மரக்கறி போடும் துண்டு நிலத்தில் வருஷா வருஷம் மேட்டு மண் சரிந்து போஞ்சிக் கொடியை மூடுமே, அங்கே நான் ஒரு சுவர் கட்டினேன். இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்தபோது தோன்றிய யோசனை அது. நிரந்தரமாக இங்கே இருப்பவனா என்றுதான் கேட்பார்களாம். விட்டுவிட்டுப் போகிறவன் சீமெந்தில் சுவர் கட்டுவானா? தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி உத்தரவு வாங்கி, அட்டனிலிருந்து சீமெந்து சுமந்து வந்து, பலகை அச்சில் நானே கல் அறுத்துக் காயவைத்தேன். தோட்டத்து மேசன் இராமையா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கட்டிக்கொடுத்தார். அடி வரிசையில் தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும் என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார், நான்தான் கேட்கவில்லை. பார்க்க வரும் அதிகாரிக்கு அது அரைகுறை வேலையாகத் தெரியுமே என்று எல்லாவற்றையும் அடைத்துப் பூசச்சொல்லி, சுண்ணாம்பும் அடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருவரும் பார்க்க வரவில்லை. விசாரணை நுவரெலியாவில் ஒரு அறைக்குள் நடந்தது. நான் பிறந்ததே இந்தத் தோட்டம்தான் என்றேன், சுவரைப் பற்றியும் நானே வாய்விட்டுச் சொன்னேன், அந்த ஐயா அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. பிறகு, "இங்கேயே இருக்கப்போறவன் மகளை ஏன் இந்தியாவுல கட்டிக் குடுத்தே?" என்று கேட்டார். சொந்தத் தங்கை மகன் என்று சொல்ல வாயெடுத்தேன், தங்கையும் அங்கேதானா என்று அதையும் எழுதிக்கொள்வாரே என்று பயந்து பேசாமல் நின்றேன். போன மாதம் உரிமை இல்லை என்று பதில் வந்துவிட்டது. அந்த வாரமே சுவர் வயிறு தள்ளியது, வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் மொத்தமாக விழுந்துவிட்டது. உள்ளே தேங்கிய தண்ணீர் தள்ளிவிட்டது. இராமையா வந்து பார்த்துவிட்டுப் போனார், வைதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுபடி கட்ட மனம் இல்லை. அம்மா மட்டும் துணி துவைக்க ஆகும் என்று இரண்டு கல்லை எடுத்து வைத்திருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு நீ அழாதே. உன்னை அங்கே கொடுத்தது நான், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. தொழிலாளர் சங்கத் தலைவர் செல்லசாமி அப்பீல் போட்டிருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை இல்லை. இந்தியா முத்திரையோடு கடிதம் வருவது தோட்டத்து ஆபீசில் எல்லார் கண்ணிலும் படுகிறது, அப்பீல் முடியும்வரை அது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறார். எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. இதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைத்துவர முடியாத பாவியாகிவிட்டேன். கனமான குடம் தூக்காதே, அத்தை சொல்வதைக் கேட்டு நட. மாரியம்மா உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றட்டும். இது மட்டும் ஞாபகம் இருக்கட்டும் அம்மா, கார்த்திகையில் பிள்ளை பிறந்தால் எங்களுக்கு எழுதாதே. ஆணா பெண்ணா என்றுகூட எழுத வேண்டாம்.

இப்படிக்கு
உன் அப்பா
மூக்கன்